மூன்று மாதத்தில் விட்டுவந்த வேலை: வரிக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்காணலில் சொன்ன வேலை ஒன்று, சேர்ந்தபின் கொடுத்த வேலை இன்னொன்று. அல்லது மேலாளரோடு ஒத்துவரவில்லை. அல்லது வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. எப்படியோ இரண்டு மூன்று மாதத்தில் வெளியே வந்தாயிற்று. அடுத்த நேர்காணலில் அதைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க மனம் இல்லை, ரெஸ்யூமிலிருந்து எடுத்தும் விட்டீர்கள். புது வேலை கிடைத்துவிட்டது. அப்புறம்தான் வயிற்றைக் கலக்குகிறது: ஃபார்ம் 16 (வருடச் சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று) கேட்பார்களா, வரிக் கணக்கில் தெரிந்துவிடுமா, அந்தச் சம்பளத்தைக் காட்டாமலே விட்டுவிடலாமா?

சென்னையில் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் என் மேஜைக்கு வருவார், அதுவும் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறைப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் அதற்குப் பிந்தைய சம்பளத்துக்குப் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். 2025-26 சம்பளத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

ரெஸ்யூமில் இல்லாத வேலையின் சம்பளத்தை ரிட்டர்னில் காட்ட வேண்டுமா?

கட்டாயம் காட்ட வேண்டும். ஒரு மாதச் சம்பளமாக இருந்தாலும் சரி.

ரெஸ்யூம் நீங்கள் உங்களைப் பற்றி எழுதிக்கொள்வது. அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம். ரிட்டர்ன் அப்படி இல்லை. வருடம் முழுக்க வந்த வருமானம் இவ்வளவுதான் என்று உறுதிமொழி கொடுத்து அரசிடம் தருவது அது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம் வருகிறது. நீங்கள் ரிட்டர்னில் எழுதுவதை வருமான வரித் துறை உங்கள் கம்பெனிக்கு அனுப்பிவைப்பதில்லை. அதனால் அங்கே மறைத்து உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

மறைக்கவும் முடியாது. பழைய கம்பெனி உங்கள் பான் எண்ணோடு சம்பளக் கணக்கை 24க்யூ என்ற காலாண்டு அறிக்கையில் ஏற்கெனவே கொடுத்திருக்கும். அது வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் 26ஏஎஸ் (பிடித்த வரியின் பட்டியல்), ஏ.ஐ.எஸ் (வருட வருமானத் தகவல் அறிக்கை) இரண்டிலும் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் விட்டால் கம்ப்யூட்டரே இரண்டையும் ஒப்பிட்டு நோட்டீஸ் அனுப்பும். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம், தெரிந்தே தவறாகக் காட்டியது என்று முடிவானால் 200 சதவீதம். மூன்று மாதச் சம்பளத்துக்கு இதெல்லாம் தேவையா?

புது கம்பெனி ஃபார்ம் 12பி கேட்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமா?

ஃபார்ம் 12பி என்பது அதே நிதியாண்டில் முந்தைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தையும் அங்கே பிடித்த டி.டி.எஸ்ஸையும் (சம்பளத்திலேயே கம்பெனி பிடித்துக் கட்டும் வரி) புது கம்பெனிக்குத் தெரிவிக்கும் தாள். அதைக் கொடுத்தால் புது கம்பெனி இரண்டு சம்பளத்தையும் கூட்டி, வருடத்துக்கு வர வேண்டிய வரியை மீதி மாதங்களில் பிரித்துப் பிடித்துக்கொள்ளும்.

சட்டத்தின் 192(2) பிரிவு இதை ஊழியரின் விருப்பமாகத்தான் வைத்திருக்கிறது. ஊழியர் கொடுத்தால் கம்பெனி கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் கொடுத்தே தீர வேண்டும் என்று ஊழியரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்காமல் இருப்பது வரி ஏய்ப்பு ஆகாது. கூட்டிக் கணக்குப் போட்டு மீதியைக் கட்டும் பொறுப்பு கம்பெனியிடமிருந்து உங்கள் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

சம்பள போர்ட்டலில் ‘இந்த ஆண்டு வேறு வேலை பார்த்தீர்களா’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே?

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். பலர் கவனிக்காமல் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

முந்தைய வருமானத்தைக் கேட்கும் பக்கத்தை நிரப்பாமல் விடுவது வேறு. ‘இந்த நிதியாண்டில் எனக்கு வேறு எந்தச் சம்பள வருமானமும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்’ என்ற வரிக்கு எதிரே டிக் போடுவது வேறு. முதலாவதில் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில் பொய் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் தேதி, நேரத்தோடு பதிவாகும்படி. போர்ட்டல் இரண்டாவதைத்தான் கேட்கிறது, டிக் போடாமல் அடுத்த பக்கமே திறக்கவில்லை என்றால் டிக் போடாதீர்கள். பேரோல் பிரிவுக்கு ஒரு மெயில் போதும்: ‘முந்தைய வருமானம் இருக்கிறது. அதற்கான வரியை நானே கட்டிக்கொள்கிறேன். 12பி கொடுக்க விரும்பவில்லை.’ பெரும்பாலும் அதோடு விஷயம் முடிந்துவிடும். எங்களுக்கு வேண்டியது சரியான கணக்கு. உங்கள் பழைய கதையைத் தோண்டிப் பார்க்கும் எண்ணம் பேரோலில் யாருக்கும் கிடையாது.

12பி கொடுக்காவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்?

போன ஜனவரியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். போனை என் பக்கம் திருப்பி, ‘சார், ரெண்டு கம்பெனியிலயும் ஒரு ரூபாய்கூட டாக்ஸ் பிடிக்கலை, அப்ப எனக்கு டாக்ஸே இல்லைதானே?’ என்று கேட்டார். அவருடைய கணக்கைப் போலவே ஒன்றை, எண்களை மட்டும் முழுத் தொகையாக்கிச் சொல்கிறேன்.

முதல் கம்பெனியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 1,00,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு 3,00,000. அந்தக் கம்பெனி வருடம் முழுக்க இவர் இருப்பார் என்று நினைத்து 12,00,000 என்று கணக்குப் போடும். சம்பளக்காரர்களுக்கு வருமானத்தில் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் நிலையான கழிவு 75,000 போனால் 11,25,000. 12,00,000 வரை 87ஏ பிரிவில் வரித் தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை, டி.டி.எஸ்ஸும் இல்லை.

ஜூலை முதல் மார்ச் வரை இரண்டாவது கம்பெனி, மாதம் 1,25,000. ஒன்பது மாதத்துக்கு 11,25,000. அதிலும் 75,000 கழித்தால் 10,50,000. இங்கேயும் வரி இல்லை.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள். 14,25,000. நிலையான கழிவு ஒரு முறைதான் உண்டு, ஆளுக்கொன்று, கம்பெனிக்கொன்று கிடையாது. மிச்சம் 13,50,000. தள்ளுபடி எல்லையைத் தாண்டியாயிற்று. 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மீதி ஒன்றரை லட்சத்துக்கு 15 சதவீதம், 22,500. மொத்தம் 82,500, அதன்மேல் 4 சதவீத செஸ் 3,300. ஆக 85,800 ரூபாய்.

இரண்டு கம்பெனியும் பூஜ்யம் பிடித்திருக்க, ரிட்டர்ன் போடும் ஜூலை மாதத்தில் ஒரே தவணையில் 85,800. அதற்கு வட்டி வேறு. அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். தங்கைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம்தான் கையில் இருந்தது. யாரும் அவரை ஏமாற்றவில்லை, அவரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை, அவ்வளவுதான் நடந்தது. ஜனவரியிலேயே கேட்டதால் மார்ச்சுக்குள் கட்ட வழி செய்துகொள்ள முடிந்தது.

அந்த வட்டி எவ்வளவு வரும்?

டி.டி.எஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்வரி, அதாவது ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி, கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவணை தவறினால் 234சி பிரிவில் வட்டி. நிதியாண்டு முடிவதற்குள் 90 சதவீதமாவது கட்டாவிட்டால் 234பி பிரிவில், ஏப்ரல் 1 முதல் கட்டும் மாதம் வரை மாதத்துக்கு 1 சதவீதம்.

மேலே சொன்ன 85,800-ஐ முன்வரியாக ஒன்றுமே கட்டாமல் 2026 ஜூலையில் கட்டினால் 234சி-யில் 4,329, 234பி-யில் 3,432, ஏறத்தாழ 7,760 ரூபாய் கூடும். அதையே மார்ச் 15-க்குள் கட்டியிருந்தால் முந்தைய மூன்று தவணைக்கான 3,471-ஓடு போயிருக்கும்.

சரி, நானே கட்டுவது எப்படி?

வருமான வரி இணையதளத்தில் ‘இ-பே டாக்ஸ்’ என்று இருக்கும். 2025-26 சம்பளத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு (சம்பளம் வாங்கிய நிதியாண்டுக்கு அடுத்தது) 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். ஆண்டைத் தவறாகப் போட்டுவிட்டு அலைபவர்கள் நிறைய. மார்ச் 31-க்குள் கட்டினால் ‘அட்வான்ஸ் டாக்ஸ் (100)’, அதற்குப் பின் என்றால் ‘செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ் (300)’. சலானைச் சேமித்து வையுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சில கம்பெனிகளில் மாதாமாதம் கூடுதலாக இவ்வளவு டி.டி.எஸ் பிடியுங்கள் என்று பேரோலிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மொத்தமாகக் கட்டச் சிரமப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் பழைய சம்பளத்தை ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த வழி வட்டி, வாடகை போன்றவற்றுக்கானது. சம்பளம் சம்பளமாகத்தான் வர வேண்டும்.

ரிட்டர்னில் இரண்டு கம்பெனியை எப்படிப் போடுவது?

இரண்டு ஃபார்ம் 16-இலும் உள்ள மொத்தச் சம்பளத்தைக் கூட்டி, கழிவை ஒரு முறை மட்டும் கழியுங்கள். ஒவ்வொரு ஃபார்ம் 16-இலும் ஒரு 75,000 கழித்திருப்பார்கள், கழித்தபின் அடியில் நிற்கும் தொகைகளை அப்படியே கூட்டினால் கணக்கு தப்பாகும். டி.டி.எஸ் பிடித்திருந்தால் கம்பெனிக்கு ஒரு பதிவாக, அதனதன் டான் எண்ணோடு (வரி பிடிக்கும் கம்பெனிக்கான எண், ஃபார்ம் 16-இல் இருக்கும்) போடுங்கள். வேறு சிக்கல் இல்லாத சம்பளக்காரர்களுக்கு, இரண்டு கம்பெனி இருந்தாலும், ஐ.டி.ஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போதும்.

புது கம்பெனி என் 26ஏஎஸ்ஸைப் பார்க்க முடியுமா?

நீங்களாக எடுத்துக் கொடுக்காமல் முடியாது. உங்கள் பான் எண்ணும் கடவுச்சொல்லும் போட்டுத்தான் அதைத் திறக்க முடியும்.

ஆனால் வேறு வேலையும் பார்க்கிறீர்களா என்று பார்க்க சில கம்பெனிகள் சேரும்போதே 26ஏஎஸ் கேட்கின்றன. 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தது. அந்தச் சமயத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது பற்றி ஐ.டி துறை முழுக்கப் பேச்சாக இருந்தது. 26ஏஎஸ்ஸில் கம்பெனியின் பெயர், டான், பணம் வரவு வைத்த தேதி எல்லாம் இருக்கும். கேட்டால், கொடுப்பதற்கு முன் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தாளில் அவர்கள் கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பி.எஃப்பில் தெரியுமா?

வரியைவிட இதில்தான் தெரியும். பி.எஃப் பிடித்திருந்தால், கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப் எண்ணான யு.ஏ.என்-இன் கீழ் அந்தக் கம்பெனிக்கென்று ஓர் உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’யில் நிற்கும். பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் இப்போது உங்கள் ஒப்புதலோடு அதைத்தான் முதலில் எடுக்கின்றன. புது கம்பெனியில் சேரும்போது நிரப்பும் ஃபார்ம் 11-லும் முந்தைய பி.எஃப் கணக்கு எண்ணும் வெளியேறிய தேதியும் கேட்பார்கள். அதில் பழைய கணக்கே இல்லை என்று எழுதிவிட்டுப் புது யு.ஏ.என் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒருவருக்கு ஒரு யு.ஏ.என்தான், ஆதாரோடு இணைந்தது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அவசரமாக விட்டுவந்த கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவிடும். அப்போது நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதுபோலவும், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பதுபோலவும் தெரியும். மூன்று மாத வேலையை மறைக்க நினைத்தவர், செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். கடைசிப் பங்களிப்பு விழுந்து இரண்டு மாதம் ஆனபின் பி.எஃப் போர்ட்டலில் ‘மேனேஜ்’ பகுதியில் ‘மார்க் எக்ஸிட்’ போய், ஆதார் ஓ.டி.பி கொடுத்து நீங்களே பதியலாம். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

அந்தச் சின்னத் தொகையை அங்கேயே விட்டுவிடவும் வேண்டாம், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் பி.எஃப்புக்கு வரி உண்டு. மாற்றிக்கொண்டால் பழைய மாதங்களும் அந்த ஐந்து வருடத்தில் சேரும்.

ஃபார்ம் 16-இலோ பி.எஃப் பாஸ்புக்கிலோ கம்பெனி பெயரை மாற்றிக் கொடுத்தால்?

வேண்டாம். இதற்கு வேறு பதிலே இல்லை. இதுவரை பேசியது எல்லாம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது. இது போலி ஆவணம் தயாரிப்பது, தண்டனைக்குரிய குற்றம். முந்தைய நீண்ட வேலையின் விலகல் தேதியை மூன்று மாதம் இழுத்து இடைவெளியை மூடுவதும் இதே வகைதான். வேலை போவதோடு நிற்காது.

சரிபார்ப்புப் படிவத்தில் ‘எல்லா வேலைகளையும் எழுதவும்’ என்று இருக்கிறது. என்ன செய்ய?

எழுதிவிடுங்கள்.

ரெஸ்யூமில் விட்டது தவறில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் நேராகக் கேட்டு, கீழே கையெழுத்தும் வாங்குகிறார்கள் என்றால் பதில் உண்மையாக இருக்க வேண்டும். பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், ‘கொடுத்த தகவல் பொய் என்று பின்னர் தெரிந்தால் எந்த நேரத்திலும் நீக்கலாம்’ என்ற வரி அநேகமாக இருக்கும். எந்த நேரத்திலும் என்றால் நாலு வருடம் கழித்தும்தான். வீட்டுக் கடன் எடுத்து, குழந்தையைப் பள்ளியில் சேர்த்தபின் அந்தக் கடிதம் வருவதை யோசித்துப் பாருங்கள். பதவி உயர்வு வரும் என்று காத்திருந்த ஒருவருக்கு அப்படி வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடைசி மாதக் கணக்கை முடித்துக் கொடுத்ததும் நான்தான்.

ஹெச்.ஆரிடம் நீட்டி முழக்க வேண்டாம். ‘நடுவில் ஓர் இடத்தில் பத்து வாரம் இருந்தேன். சொன்ன வேலையும் கொடுத்த வேலையும் வேறாக இருந்ததால் விலகினேன். அனுபவமாகக் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை என்பதால் ரெஸ்யூமில் போடவில்லை.’ இவ்வளவு போதும். பழைய மேலாளரைத் திட்டாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். இதைக் கேட்டுவிட்டு வேலை இல்லை என்று சொன்னவர்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அரசு வேலை, பொதுத்துறை என்றால்?

எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒரு வாரம் பார்த்த வேலை உட்பட. மத்திய அரசுப் பணியில் சேரும்போது நிரப்பும் படிவத்தின் தலையிலேயே, தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்.

பழைய வேலை மார்ச்சில் முடிந்தது, புது வேலை ஏப்ரலுக்குப் பின்தான். அப்போதும் 12பி வேண்டுமா?

வேண்டாம். 12பி அதே நிதியாண்டுக்கு மட்டும். போன ஆண்டின் சம்பளத்தைப் போன ஆண்டின் ரிட்டர்னில் காட்டினால் முடிந்தது.

பழைய கம்பெனி ஃபார்ம் 16 தரவில்லை. வரி பிடித்தார்கள், 26ஏஎஸ்ஸில் வரவும் இல்லை.

வரி பிடித்திருந்தால் ஜூன் 15-க்குள் ஃபார்ம் 16 கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பிடிக்கவே இல்லை என்றால் கொடுக்காமலும் விடுவார்கள். அப்போது சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் போதும். அதனால்தான் வேலையை விடும் அன்றே எல்லாச் சம்பளச் சீட்டுகளையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மறுநாள் போர்ட்டல் திறக்காது.

பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டிருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். பிடித்த வரியை உங்களிடமே மறுபடி கேட்கக் கூடாது என்று 205-ஆவது பிரிவு சொல்கிறது. ‘டி.டி.எஸ்’ என்று வரி பிடித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டுதான் உங்கள் கையில் உள்ள சாட்சி.

நோட்டீஸ் காலம் முடிக்காததால் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வராத பணத்துக்கும் வரியா?

ஃபார்ம் 16-இல் முழுச் சம்பளமும் இருக்கும், பிடித்தம் தனியாக நிற்கும். கைக்கு வராத அந்தப் பகுதிக்கு வரி இல்லை என்று 2017-இல் அகமதாபாத் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியருக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ரிட்டர்னில் குறைத்துப் போட்டால் ஃபார்ம் 16-ஓடு ஒத்துப்போகாது, கேள்வி வரலாம். தொகை பெரிதென்றால் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். சில ஆயிரம் என்றால் அந்த அலைச்சலுக்குக் கட்டாது என்பது என் எண்ணம்.

இரண்டு வருடம் முன்பே அந்தச் சம்பளத்தைக் காட்டாமல் ரிட்டர்ன் போட்டுவிட்டேன். இப்போது?

நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே சரிசெய்ய வழி இருக்கிறது. ‘ஐ.டி.ஆர்-யு’ என்னும் புதுப்பித்த ரிட்டர்னை, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். விட்ட வரி, வட்டி, இரண்டுக்கும் மேல் கூடுதல் வரி: முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70. 2023-24 நிதியாண்டின் சம்பளத்தை விட்டிருந்தால் மதிப்பீட்டு ஆண்டு 2024-25, அது முடிந்தது 2025 மார்ச் 31. அங்கிருந்து எண்ணுங்கள். 2027 மார்ச் 31-க்குள் என்றால் 50 சதவீதம், அதைத் தாண்டினால் 60. ஏ.ஐ.எஸ்ஸை முதலில் இறக்கி, அந்தக் கம்பெனியின் பெயரில் என்ன தொகை நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.